டெக்சாஸ் மாநிலத்தில் காவலில் இருக்கும் ஒருவரின் பதிவைத் தேடுவது எப்படி?

வைகைக்கரை | ஞாயிறு, காலை 6.10

அனைவருக்கும் வணக்கம். என் சித்தப்பா மகன் டெக்சாஸில், டாலஸ் நகருக்கு வடக்கே உள்ள ஒரு நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறான். வெள்ளிக்கிழமை இரவு காவலர்கள் அவனை அழைத்துச் சென்றுவிட்டார்கள் என்று அவனுடைய அறைத்தோழர் சித்திக்குத் தொலைபேசியில் சொன்னார். எந்த ஊர்க் காவலர்கள், எந்த இடத்துக்குக் கொண்டுபோனார்கள் என்பது அவருக்கும் தெரியவில்லை.

மாநிலச் சிறைத்துறையின் இணையப் பக்கத்தில் அவன் பெயரை மூன்று விதமாக எழுதித் தேடினேன்; எதிலும் பதிவு இல்லை. அதன்பின் தேடுபொறியில் முதலாவதாக வந்த ஒரு தனியார் தளத்தில் பணம் கட்டினேன். "அறிக்கை தயாராகிறது" என்று கால் மணி நேரம் ஒரு பச்சைக் கோடு நகர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் கிடைத்தவை அவனுடைய பழைய வீட்டு முகவரியும், வேறொரு மாநிலத்தில் அதே பெயருள்ள ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் போக்குவரத்து அபராத விவரமும்தான். சித்தி நேற்றிலிருந்து ஒரு வாய் சோறு உண்ணவில்லை. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீலவானம் | ஞாயிறு, காலை 6.55

ஐயா, முதலில் சித்தியிடம் ஒன்று சொல்லுங்கள்: மாநிலச் சிறைப் பக்கத்தில் பெயர் இல்லாதது கெட்ட செய்தி அல்ல. வெள்ளிக்கிழமை கைதான ஒருவரின் பெயர் அங்கே இருக்கவே முடியாது. நான் ஹூஸ்டனில் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன். நம் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் திரும்பத் திரும்பத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நாம் "சிறை" என்று ஒரே சொல்லால் குறிப்பதை அங்கே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கைதானவர், விசாரணைக்குக் காத்திருப்பவர், ஓராண்டுக்கு உட்பட்ட சிறிய தண்டனையை அனுபவிப்பவர் ஆகியோர், நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவான கவுண்டியின் சிறையில் இருப்பார்கள். அதை நடத்துபவர் அந்தக் கவுண்டி மக்கள் தேர்ந்தெடுத்த காவல் தலைவரான ஷெரிப். பெரிய குற்றத்துக்குத் தண்டனை உறுதியானவர்கள் மட்டுமே, ஹண்ட்ஸ்வில் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட டெக்சாஸ் குற்றவியல் நீதித் துறையின் சிறைகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். நீங்கள் தேடியது அந்தத் துறையின் பக்கம். அதில் இப்போது அத்துறையின் காவலில் இருப்பவர்கள் மட்டுமே வருவார்கள். வேலை நாட்களில் மட்டும் புதுப்பிக்கப்படுவதால், அதில் காணும் விவரம் எப்போதும் குறைந்தது ஒரு நாள் பழையதாகத்தான் இருக்கும்.

டெக்சாஸில் 254 கவுண்டிகள் உண்டு. அத்தனை கவுண்டிச் சிறைகளையும் சேர்த்துத் தேடக்கூடிய அரசுப் பட்டியல் ஒன்று இல்லை. ஒவ்வொரு ஷெரிப் அலுவலகமும் தன் பட்டியலைத் தானே வைத்திருக்கிறது. ஆகவே எந்தக் கவுண்டி என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். தம்பியின் வீடு எந்தக் கவுண்டியில் இருக்கிறது என்பதைவிட, கைது நடந்த இடம் எந்தக் கவுண்டியைச் சேர்ந்தது என்பதே முக்கியம். டாலஸுக்கு வடக்கே என்கிறீர்கள். பிரிஸ்கோ நகரம் காலின், டென்டன் என்னும் இரு கவுண்டிகளிலும் பரவியிருக்கிறது. டாலஸ் நகரமே ஒன்றுக்கு மேற்பட்ட கவுண்டிகளைத் தொட்டு நிற்கிறது. எனவே டாலஸ், காலின், டென்டன், டாரண்ட் ஆகிய நான்கு கவுண்டிகளின் ஷெரிப் பக்கங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, கைதிகளைத் தேடும் பகுதிக்குச் செல்லுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது.

இன்னொன்று. சிறிய நகரங்களின் காவலர்கள் கைதானவரைச் சில மணி நேரம் தங்கள் நகரக் காவல் அறையிலேயே வைத்திருந்துவிட்டுத்தான் கவுண்டிக்கு அனுப்புவார்கள். கைரேகை, புகைப்படம், உடைமைப் பட்டியல் எல்லாம் முடிந்து பெயர் இணையத்தில் ஏற மேலும் நேரம் ஆகலாம். கைதான ஒருவரைத் தாமதமின்றி, எப்படியும் 48 மணி நேரத்துக்குள், ஒரு மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று டெக்சாஸ் குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. பிணைத் தொகை பெரும்பாலும் அங்கேதான் முடிவாகும்.

வைகைக்கரை | ஞாயிறு, காலை 7.40

மிக்க நன்றி ஐயா. நான்கு கவுண்டிகளிலும் தேடிவிட்டேன். அவன் பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்திலும் அப்பா பெயரின் முதலெழுத்தை முதல் பெயர்க் கட்டத்திலும் போட்டேன். எதிலும் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் பதிவு செய்த குரல்தான் மாறி மாறி வருகிறது.

பிரிஸ்கோவாசி | ஞாயிறு, காலை 8.05

அண்ணா, தேடும் இடம் சரி, தேடும் பெயர்தான் தவறாக இருக்கும் என்று நினைக்கிறேன். நம் ஊர்ப் பெயர் முறை அமெரிக்கக் கணினியில் ஏறும்போது தலைகீழாகிவிடுகிறது. ஊரில் "மு. செந்தில்குமார்" என்று எழுதுகிறவருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரான முருகேசன் இருக்கும். ஓட்டுநர் உரிமத்திலும் அப்படியே வரும். காவலர் பார்ப்பது அந்த உரிமத்தைத்தான். ஆகவே சிறைப் பதிவில் அவர் "முருகேசன், செந்தில்குமார்" என்று இருப்பார். அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டால்தான் கிடைப்பார்.

இதைவிடச் சிக்கலானது கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர்களின் நிலை. அமெரிக்க விசாவில் அவர்களுடைய சொந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "முதல் பெயர் தெரியவில்லை" என்பதைக் குறிக்கும் எஃப்-என்-யு என்ற மூன்று எழுத்துகள் அச்சாகும். அந்த விசாவை வைத்து எடுக்கும் மற்ற ஆவணங்களிலும் அதே மூன்று எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

எழுத்துக்கூட்டலையும் ஊகிக்க வேண்டாம். செந்தில் என்பதில் ஹெச் எழுத்து உண்டா இல்லையா, சரவணனுக்கு எத்தனை ஏ என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். வீட்டில் அவருடைய கடவுச்சீட்டின் நகல் இருந்தால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசிப் பெயரின் முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் போட்டுத் தேடுங்கள். பல கவுண்டிகளின் பக்கம் அதை ஏற்றுக்கொள்ளும். பிறந்த தேதியைச் சேர்க்க இடமிருந்தால் சேர்த்துவிடுங்கள். ஒரே பெயரில் பலர் வந்தால் அதை வைத்துத்தான் பிரித்தறிய முடியும்.

வைகைக்கரை | ஞாயிறு, காலை 8.50

கிடைத்துவிட்டான். சித்தப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டு, இரண்டாவதாகத் திறந்த கவுண்டியின் பக்கத்தில் தேடியதும் அவன் படமே வந்துவிட்டது. சாம்பல் நிறச் சுவரின் முன்னால், நாங்கள் தீபாவளிக்கு வாங்கி அனுப்பிய நீலக் கட்டம் போட்ட சட்டையோடு நிற்கிறான். சித்தி திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதார்கள். உயிரோடு ஓரிடத்தில் இருக்கிறான் என்பது தெரிந்ததே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

பக்கத்தில் பதிவு எண் ஒன்று, சேர்க்கப்பட்ட தேதியும் நேரமும், கைது செய்த நகரக் காவல்துறையின் பெயர், ஒரு வரியில் குற்றச்சாட்டு, அதன் பக்கத்தில் "மிஸ்டிமீனர் பி" என்ற குறிப்பு ஆகியவை உள்ளன. பிணைத் தொகை என்ற இடம் காலியாக இருக்கிறது. இதற்கெல்லாம் என்ன பொருள்?

நீலவானம் | ஞாயிறு, காலை 9.20

நல்ல செய்தி. மிஸ்டிமீனர் என்பது சிறிய குற்றங்களின் வகை. அதில் பி பிரிவுக்கு உச்சத் தண்டனையே கவுண்டிச் சிறையில் 180 நாட்கள்தான். தொகை காலியாக இருப்பதால் அவர் இன்னும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். சில மணி நேரம் கழித்து அதே பக்கத்தை மீண்டும் திறந்து பாருங்கள்.

அந்தப் பதிவு எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி வழக்கறிஞரிடமோ ஷெரிப் அலுவலகத்திலோ பேசும்போது பெயரைச் சொல்லி விளக்குவதைவிட எண்ணைச் சொன்னால் நொடியில் முடிந்துவிடும். பிணை எழுதித் தரும் தனியார் முகவரிடம் சென்றால் அவர் தமக்கென வாங்கிக்கொள்ளும் பங்கு, வழக்கமாக நூற்றுக்குப் பத்து, திரும்பக் கிடைக்காது. முழுத் தொகையையும் கவுண்டியிடமே கட்டினால், அவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தவறாமல் சென்றிருந்தால் வழக்கு முடிந்ததும், சிறு கட்டணப் பிடித்தம் இருந்தாலும், பணம் திரும்பும். சொந்த உறுதிமொழியின் பேரில் விடுவிக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பதென்று உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இப்போது மிக முக்கியமான ஒன்று. அவர் விசாவில் இருப்பவர். அந்தப் பக்கத்தில் குடிவரவுத் துறையின் தடுப்புக் கோரிக்கை ஏதேனும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பிணை கட்டினாலும் உடனே வெளியே வரமாட்டார். 2017-இல் இயற்றிய சட்டத்தின்படி டெக்சாஸ் கவுண்டிகள் அந்தக் கோரிக்கையை மதித்தே ஆக வேண்டும். இந்தியத் தூதரக உதவியைக் கேட்கும் உரிமை, தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு தருவது. ஆனால் கைதான இந்தியர் கேட்டுக்கொண்டால்தான் அமெரிக்க அதிகாரிகள் தகவல் அனுப்புவார்கள்; தாமாக அனுப்பும் கட்டாயம் உள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. ஹூஸ்டனில் உள்ள துணைத் தூதரகத்தைக் குடும்பத்தாரும் நேரடியாக அணுகலாம்.

பொருநை | ஞாயிறு, காலை 11.30

இதே போன்ற தேடலில் நானும் ஒருமுறை அலைந்தேன் என்பதால் ஒரு சேர்க்கை. என் நண்பர் ஒருவர் கவுண்டிப் பக்கத்தில் இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் காலையில் பெயரே மறைந்துவிட்டது. விடுதலையாகிவிட்டார் என்று மகிழ்ந்தோம். உண்மையில் அவரைக் குடிவரவுத் துறை தன் காவலுக்கு மாற்றியிருந்தது. கவுண்டிப் பட்டியலிலிருந்து பெயர் போனால் அவர் வெளியே வந்துவிட்டார் என்று பொருள் கொள்ளக் கூடாது. அந்தக் கட்டடத்தில் இல்லை என்று மட்டுமே கொள்ள வேண்டும்.

குடிவரவுக் காவலில் இருப்பவரைத் தேட அத்துறைக்கே தனிப் பக்கம் உண்டு. ஒன்பது இலக்க அயல்நாட்டவர் எண்ணும் பிறந்த நாடும் தெரிந்தால் உடனே கிடைக்கும். எண் தெரியாவிட்டால் பெயரையும் நாட்டையும் போடலாம், ஆனால் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கூட்டாட்சிக் குற்றங்களுக்கு, அதாவது அமெரிக்க மத்திய அரசின் சட்டங்களை மீறியதற்கு, தண்டிக்கப்பட்டவர்கள் மற்றொரு பட்டியலில் இருக்கிறார்கள். கூட்டாட்சிச் சிறைத்துறையின் தேடல் பக்கம் 1982 முதல் அங்கே இருந்தவர்களைக் காட்டுகிறது. கூட்டாட்சி வழக்கில் விசாரணைக்குக் காத்திருப்பவர் மட்டும் பெரும்பாலும் மத்திய அரசின் நீதிமன்றக் காவலர்களான மார்ஷல்களின் பொறுப்பில் ஏதோ ஒரு கவுண்டிச் சிறையில் வாடகைக்கு வைக்கப்பட்டிருப்பார். அவரைக் கண்டுபிடிக்க வழக்கறிஞர் உதவி தேவைப்படலாம்.

செங்காந்தள் | ஞாயிறு, மாலை 4.15

இழையைத் திசை திருப்புவதாக எண்ண வேண்டாம். என் மகளுக்கு ஹூஸ்டனில் ஒரு வரன் வந்திருக்கிறது. உறவினர் ஒருவர் இணையத்தில் தேடி, மாப்பிள்ளையின் கைதுப் படம் என்று ஒன்றை அனுப்பினார். ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய தேதி போட்டிருக்கிறது. அதில் என்ன முடிவு ஆனது என்று எதுவும் இல்லை. இப்படிப்பட்ட பதிவை நாங்கள் நம்பலாமா? இதை எங்கே சரிபார்ப்பது?

பொருநை | ஞாயிறு, மாலை 5.00

அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் படத்தை உறவினர்களுக்குள் சுற்றவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கைது என்பது ஒரு காவலர் சந்தேகப்பட்டார் என்பதற்கு மட்டுமே சாட்சி. என் நண்பர் மீதான வழக்கை அரசு வழக்கறிஞரே திரும்பப் பெற்றார். அதற்குப் பிறகும் படம் ஒரு தளத்தில் கிடந்தது. அதை நீக்கப் பணம் கேட்டார்கள். கவுண்டிகள் யாரையும் படம் பிடித்து ஊர் பார்க்க மாட்டிவைக்கும் இந்த முறையே தவறு என்று நான் கருதுகிறேன்.

நீலவானம் | ஞாயிறு, மாலை 6.20

பொருநை, படத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். பதிவு வெளியே தெரிவதே தவறு என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. இன்று காலை வைகைக்கரையின் சித்தி தம் மகனைக் கண்டுபிடித்தது அந்தத் திறந்த பதிவால்தான். யாரைப் பிடித்தோம், எங்கே வைத்திருக்கிறோம் என்று சொல்லும் கடமை அரசுக்கு இல்லாத நாட்டில் மனிதர்கள் காணாமல் போகிறார்கள். நம்மில் ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. டெக்சாஸின் பொதுத் தகவல் சட்டம், அதாவது அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 552-ஆம் அத்தியாயம், புலனாய்வு விவரங்களை மறைக்க இடம் தந்தாலும், கைதானவரைப் பற்றிய அடிப்படைத் தகவலை மறைக்க இடம் தரவில்லை.

மறுபக்கமும் உண்டு. 1993 டிசம்பரில் கென்டக்கியின் லூயிவில் நகரில் ஓர் இளம்பெண், தம்மைத் தாக்கிச் சிறைக்குச் சென்றிருந்த முன்னாள் காதலனால், தம் 21-ஆம் பிறந்தநாளன்று கொல்லப்பட்டார். அவன் பிணையில் வெளியே வந்தது அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. அந்தத் துயரத்திலிருந்து பிறந்ததுதான் வைன் என்னும் அறிவிப்பு முறை. இன்று டெக்சாஸின் பல கவுண்டிகளும் அதில் இருக்கின்றன. காவலில் இருப்பவர் விடுதலையானாலோ இடம் மாறினாலோ பதிவு செய்துகொண்டவருக்குத் தொலைபேசியில் செய்தி வரும். வைகைக்கரை ஐயாவும் தம்பியின் பதிவு எண்ணை அதில் பதிந்து வைத்தால், பக்கத்தைத் திறந்து திறந்து பார்க்க வேண்டியிருக்காது.

செங்காந்தள் அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தனியார் தளத்தை விட்டுவிடுங்கள். கைது எந்தக் கவுண்டியில் நடந்தது என்று பார்த்து, அந்தக் கவுண்டியின் மாவட்ட எழுத்தர் அல்லது கவுண்டி எழுத்தர் அலுவலகத்தின் நீதிமன்றப் பதிவில் வழக்கின் முடிவைத் தேடுங்கள். சிறைப் பதிவு ஒருவர் எங்கே இருந்தார் என்பதைச் சொல்லும். என்ன முடிவானது என்பதை நீதிமன்றப் பதிவுதான் சொல்லும். மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையும் தண்டனை விவரங்களைச் சிறு கட்டணத்துக்குத் தேட விடுகிறது. வழக்கு தள்ளுபடியானது என்றோ விடுதலை என்றோ இருந்தால் அந்தப் படத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. இதையெல்லாம் செய்வதற்கு முன் மாப்பிள்ளையிடமே நேரில் கேட்டுவிடுவது முறை என்பது என் எண்ணம். அவர் சொல்லும் பதிலையும் பதிவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் மனிதரையும் சேர்த்து அறிந்துகொள்ளலாம்.

பதிவை நீக்கப் பணம் கேட்கும் தளங்களை டெக்சாஸ் 2013-இலேயே சட்டத்தால் கட்டுப்படுத்திவிட்டது. அப்படிக் கேட்கும் தளத்துக்கு யாரும் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம். விவரம் தவறு என்று எழுத்தில் தெரிவித்தால் அவர்கள் விசாரித்துத் திருத்தியாக வேண்டும்.

செங்காந்தள் | ஞாயிறு, இரவு 8.40

உறவினரிடம் படத்தை அழிக்கச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் தாயாரிடம் நாளை நானே பேசுகிறேன். நன்றி ஐயா.

வைகைக்கரை | செவ்வாய், காலை 7.15

நேற்று அதிகாலையில் பிணைத் தொகை பக்கத்தில் ஏறியது. குடிவரவுத் துறையின் குறிப்பு எதுவும் இல்லை. அறைத்தோழர் கவுண்டியிலேயே முழுத் தொகையையும் கட்டினார். கட்டிய பிறகும் வெளியே விட ஒன்பது மணி நேரம் ஆனது. வீட்டுக்கு வந்ததும் சித்தியிடம் பேசினான். குரல் மட்டும் கொஞ்சம் கம்மியிருந்தது. சித்தி அவன் சொன்னதைக் கேட்கவே இல்லை, சாப்பிட்டாயா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

ஒரே ஒரு கேள்வி மீதி இருக்கிறது. வழக்கு தள்ளுபடியானால் இந்தப் பதிவு தானாக மறைந்துவிடுமா?

நீலவானம் | செவ்வாய், காலை 8.00

மகிழ்ச்சி ஐயா. தானாக மறையாது; கேட்டுத்தான் வாங்க வேண்டும். குற்றமற்றவர் என்று தீர்ப்பானாலோ வழக்கு தள்ளுபடியானாலோ, பதிவையே அழிக்கும் ஆணையை நீதிமன்றத்தில் கோரலாம். கைதுக்குப் பின் வழக்கே தொடுக்கப்படாவிட்டால் குற்றத்தின் தரத்துக்கு ஏற்பக் காத்திருக்கும் காலம் மாறும்: மிகச் சிறியதற்கு 180 நாட்கள், தம்பியின் வகைக்கு ஓராண்டு, பெருங்குற்றத்துக்கு மூன்றாண்டு. ஆணை கிடைத்ததும் அதன் நகல் கைது செய்த நகரக் காவல்துறைக்கும், ஷெரிப்புக்கும், மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். மனுவில் பெயர் குறிக்காத அலுவலகத்தில் பதிவு அப்படியே கிடந்துவிடும்.

தம்பி எதிலும் கையெழுத்திடுவதற்கு முன் இதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். "தீர்ப்பை ஒத்திவைக்கிறோம், சில மாதம் ஒழுங்காக இருந்தால் தண்டனை என்று பதிவாகாது" என்று அரசு வழக்கறிஞர் முன்வைக்கக்கூடும். டெக்சாஸ் சட்டத்தின் பார்வையில் அது தண்டனை அல்ல. குற்றத்தை ஒப்புக்கொண்டு அதைப் பெற்றால் கூட்டாட்சிக் குடிவரவுச் சட்டம் அதையும் தண்டனையாகவே எண்ணும். விசாவில் இருப்பவர் குற்றவியல் வழக்கறிஞரோடு குடிவரவு வழக்கறிஞர் ஒருவரையும் கலந்துகொண்ட பிறகே பதில் சொல்ல வேண்டும். முதல் வாய்தா எந்தத் தேதி என்று பிணைச் சீட்டின் அடியில் இருக்கும். அதைப் பார்த்து நாட்காட்டியில் இப்போதே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வைகைக்கரை | செவ்வாய், காலை 8.20

அடுத்த மாதம் பதினான்காம் தேதி, காலை ஒன்பது மணி என்று இருக்கிறதாம். குடிவரவு வழக்கறிஞரை நாளைக்கே பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.